விரியத் தயங்கும் இதயம்: வரும் ஆண்டுகள் எப்படி இருக்கும்?

எக்கோ பரிசோதனை அறிக்கையின் இறுதியில் ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்ற வரி இடம்பெறுவதுண்டு. எங்கள் இதயநோய்ப் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் மிகுதியாகக் கேட்கும் கேள்விகளுள் ஒன்று இவ்வரியைப் பற்றியதாகும். சிலர் இதைப் படித்தவுடன் இதயம் பழுதாகிவிட்டது என்று கலங்கி உறக்கம் இழக்கின்றனர். வேறு சிலர் ‘பம்பிங் நன்றாக இருக்கிறது’ என்ற ஆறுதலோடு அறிக்கையை அலமாரியில் வைத்து மறந்துவிடுகின்றனர். இரண்டுமே சரியான வழிகள் அல்ல.

இக்குறைபாடு உள்ளவர்களின் வருங்காலம் எவ்வாறு அமையும் என்பதை இவ்விதழில் விளக்க முயல்கிறோம். சுருக்கமாகச் சொன்னால், அந்த ஒரு வரி மட்டும் வருங்காலத்தை முடிவு செய்வதில்லை. அதனோடு சேர்ந்திருக்கும் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடல் எடை, சிறுநீரகத்தின் நிலை, இதயத் துடிப்பின் ஒழுங்கு ஆகியவையே பெருமளவு முடிவு செய்கின்றன. இவற்றுள் பல நம் கைக்கு எட்டக்கூடியவை.

இதயம் விரிவதும் ஒரு வேலை

இதயத் துடிப்பு என்றவுடன் இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுவதே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் தள்ளுவதற்கு முன்னர் இரத்தம் உள்ளே வந்து நிறைய வேண்டும். நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 விநாடி ஆகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே சுருங்குவதற்குச் செலவாகிறது. எஞ்சிய நேரம் இதயம் தளர்ந்து, விரிந்து, நிறைவதற்கு உரியது. விரியும் இப்பருவத்தையே மருத்துவர்கள் டயஸ்டோல் என்கின்றனர்.

கொல்லனின் உலைத் துருத்தியை எண்ணிப் பாருங்கள். தோல் மென்மையாக இருக்கும்வரை அது எளிதில் விரிந்து காற்றை உள்ளிழுக்கும். தோல் காய்ந்து விறைத்துவிட்டால் அதை விரிக்கக் கூடுதல் விசை வேண்டும். அப்போதும் முன்போல் நிறையாது. இதயத்தின் இடது கீழறையும் அத்தகையதே. அதன் சுவர் விறைக்கும்போது, வழக்கமான அழுத்தத்தில் உள்ளே வரவேண்டிய இரத்தம் தடைபடுகிறது. அதை நிரப்ப இடது மேலறை கூடுதல் அழுத்தத்தோடு தள்ள வேண்டியிருக்கிறது.

தளர்வது என்பது ஓய்வு என்று நாம் எண்ணினாலும் இதயத் தசைக்கு அது ஆற்றல் செலவாகும் செயலாகும். சுருங்கும்போது தசை நாருக்குள் வந்த கால்சியத்தை மீண்டும் அதன் சேமிப்பறைக்குள் ஏற்றிய பிறகே நார் தளர முடியும். இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் குறைந்தால் இவ்வேலை மந்தமாகிறது. ஆண்டுக்கணக்கில் உயர் இரத்த அழுத்தத்தை எதிர்த்து உழைக்கும் இதயச் சுவர் தடித்து, அதனுள் நார்த்தன்மை மிகுகிறது. நீரிழிவு, உடற்பருமன், நாட்பட்ட சிறுநீரகக் குறைபாடு, முதுமை ஆகியவையும் இதே திசையில் செயல்படுகின்றன.

‘பம்பிங் 60 சதவீதம்’ என்றால் போதாதா?

நோயாளிகள் ‘பம்பிங்’ என்று குறிப்பிடும் எண், இடது கீழறையில் நிறைந்த இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதைக் காட்டுகிறது. ஒருவருடைய இதயத்தில் 120 மில்லிலிட்டர் நிறைந்து, 72 மில்லிலிட்டர் வெளியேறினால் அது 60 சதவீதம். விறைத்த இதயத்தில் 90 மில்லிலிட்டர் மட்டுமே நிறைந்து, 54 மில்லிலிட்டர் வெளியேறினாலும் அது 60 சதவீதமே. அறிக்கையில் எண் மாறவில்லை. உடலுக்குக் கிடைக்கும் இரத்தமோ ஒவ்வொரு துடிப்பிலும் குறைந்திருக்கிறது.

அமர்ந்திருக்கும்போது இக்குறை வெளிப்படாமல் இருக்கலாம். மாடிப்படி ஏறும்போது துடிப்பு 120ஐ எட்டினால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது அரை விநாடிதான். அப்போது பெரிதும் குறுகுவது நிறைவதற்கான நேரமே. நிறைய முடியாத இரத்தத்தின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலை எட்டுகிறது. மூச்சு வாங்குகிறது. எனவே, பம்பிங் இயல்பாக இருக்கும் ஒருவருக்கும் இதயத்தால் மூச்சுத்திணறல் வரக்கூடும். இந்நிலை முற்றும்போது அதை இதயச் செயலிழப்பின் ஒரு வகை என்று நாங்கள் வகைப்படுத்துகிறோம். இதயம் நின்றுவிட்டது என்பது இச்சொல்லின் பொருள் அன்று. உடலின் தேவைக்கு ஈடுகொடுக்க இதயம் தடுமாறுகிறது என்பதே அதன் பொருள்.

மூன்று படிகள்

படி 1: கீழறை தளர்வது மந்தமாகியிருக்கிறது. மேலறை சற்றுக் கூடுதலாக உழைத்து அதை ஈடுசெய்கிறது. ஓய்வு நிலையில் நுரையீரல் பக்கம் அழுத்தம் உயர்வதில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் இது மிகப் பரவலாகக் காணப்படுகிறது.

படி 2: மேலறையின் அழுத்தம் உயரத் தொடங்கிவிட்டது. மூச்சு வாங்குதல், எளிதில் களைப்படைதல் முதலியவை இந்நிலையில் தோன்றலாம்.

படி 3: கீழறை மிகவும் விறைத்துவிட்டது. அழுத்தம் ஓய்விலும் உயர்ந்தே இருக்கிறது. இவர்களுக்கு நெருக்கமான கண்காணிப்பு தேவை.

அறிக்கையில் படியோடு சேர்த்து நாங்கள் கவனிக்கும் மற்றொன்று இடது மேலறையின் அளவு. நீரிழிவில் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பலரும் அறிவீர்கள். அதுபோல, மேலறை விரிந்திருந்தால் அழுத்தம் நெடுநாளாக உயர்ந்து வந்திருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். படி 1 என்று எழுதப்பட்டு, மேலறை இயல்பான அளவில் இருப்பது நல்ல அறிகுறியாகும்.

இரு இடங்களில் எடுத்த எக்கோ அறிக்கைகள் இருவேறு படிகளைக் காட்டுவதும் உண்டு. 2016ஆம் ஆண்டில் இதற்கான அளவுகோல்கள் திருத்தப்பட்டன. பழைய முறைப்படி குறைபாடு என்று எழுதப்பட்ட சிலர் புதிய முறைப்படி இயல்பானவர்களாகக் கருதப்படலாம். அன்றைய இரத்த அழுத்தமும் உடலில் உள்ள நீரின் அளவும்கூட அளவீட்டை மாற்றும். ஆகவே ஓர் அறிக்கையில் படி 1 என்றும் அடுத்ததில் படி 2 என்றும் இருந்தால், அதை வைத்து மட்டும் நோய் முற்றிவிட்டதாக முடிவு செய்ய வேண்டாம்.

அறிகுறி இல்லாதவர்களின் வருங்காலம்

இக்கேள்விக்கு விடை தரும் முக்கியமான ஆய்வு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் நடைபெற்றது. அங்கு 45 வயதைக் கடந்த 2,042 பொதுமக்களுக்கு எக்கோ எடுத்துப் பார்த்தனர். 2003இல் வெளியான முடிவுகளின்படி ஏறத்தாழ 21 சதவீதத்தினருக்கு இலேசான குறைபாடும், 7 சதவீதத்தினருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான குறைபாடும் இருந்தன. இவர்களுள் பலர் எவ்வித அறிகுறியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். எனினும், குறைபாடு இல்லாதவர்களோடு ஒப்பிடுகையில் பின்வந்த ஆண்டுகளில் இவர்களிடையே இறப்பு மிகுந்திருந்தது. எனவே இதை ஒரு பொருட்டாக எண்ணவேண்டாம் என்று நாங்கள் சொல்வதில்லை.

அதே மக்களை நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்து, 2011இல் அடுத்த முடிவுகள் வெளியிடப்பட்டன. ஏறத்தாழ 68 சதவீதத்தினரின் நிலை மாறாமல் இருந்தது. 23 சதவீதத்தினருக்கு மோசமாகியிருந்தது. 9 சதவீதத்தினருக்கு முன்னேறியிருந்தது. அதன்பின் ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாக அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, இயல்பான நிலையில் இருந்தவர்களுள் 2.6 சதவீதத்தினருக்கும், இலேசான குறைபாடு உடையவர்களுள் 7.8 சதவீதத்தினருக்கும், நடுத்தர அல்லது கடுமையான குறைபாடு உடையவர்களுள் 12.2 சதவீதத்தினருக்கும் இதயச் செயலிழப்பு ஏற்பட்டது.

இவ்வெண்களை இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். இலேசான குறைபாடு உடைய நூறு பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு அந்த ஆறு ஆண்டுகளில் இதயச் செயலிழப்பு வந்தது; தொண்ணூற்றிரண்டு பேருக்கு வரவில்லை. அதே வேளையில், அந்த எட்டு என்பது இயல்பானவர்களைப் போல் மூன்று மடங்கு. கலங்குவோருக்கு முதல் செய்தியும், அறிக்கையை மறந்துவிடுவோருக்கு இரண்டாம் செய்தியும் உரியவை. மேலும், முன்னேறியவர்களும் சிலர் இருந்தனர் என்பதை மறக்க வேண்டாம். இக்குறைபாடு ஒரே திசையில் செல்லும் பாதை அன்று.

மூச்சுத்திணறலோடு ஒருமுறை அனுமதிக்கப்பட்டவர்கள்

நுரையீரலில் நீர் கோத்து, ஆக்சிஜன் வைத்து, ஊசி மூலம் நீர் பிரியச் செய்து வீடு திரும்பியவர்களின் நிலை வேறு. இவர்களின் குடும்பத்தாரிடம் நாங்கள் உண்மையை மறைப்பதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1987 முதல் 2001 வரை இதயச் செயலிழப்புடன் அனுமதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, அவர்களுள் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பம்பிங் இயல்பாகவே இருந்தது தெரியவந்தது. அவ்வாறு இருந்தவர்களின் சராசரி வயது 74. அவர்களுள் 29 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறந்தனர். பம்பிங் குறைந்தவர்களுள் இது 32 சதவீதம். அதாவது, பம்பிங் இயல்பாக இருந்தது அவர்களைப் பெரிதாகக் காக்கவில்லை.

இவ்வெண்ணைப் படிக்கும்போது இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவதாக, அவர்களுள் பெரும்பாலோர் பல நோய்களோடு வந்த முதியவர்கள். இந்நிலையில் உள்ளவர்களின் இறப்புகளில் கணிசமான பங்கு நுரையீரல் தொற்று, சிறுநீரக நோய், புற்றுநோய் முதலிய பிற காரணங்களால் நேர்கிறது. இரண்டாவதாக, அக்காலத்தில் இவ்வகைக்கென்று பயன் நிறுவப்பட்ட மருந்து எதுவும் இல்லை. இன்று இருக்கிறது.

நம் மண்ணில் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கேரளத்தின் திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 2013இல் சேர்க்கப்பட்ட 1,205 நோயாளிகளின் சராசரி வயது ஏறத்தாழ 61. அனைத்து வகை இதயச் செயலிழப்பும் சேர்ந்த எண் இது. மேலை நாடுகளைவிட நமக்கு இந்நோய் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாக வருகிறது. தந்தைக்கு வந்த நோயைப் பற்றிப் படிக்கும் ஐம்பது வயது மகனும் மகளும் தமக்காகவும் இதைப் படிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

வருங்காலத்தை மாற்றுபவை

இரத்த அழுத்தம். பட்டியலில் முதலிடம் இதற்கே. ‘எண்பது வயதில் இனி மாத்திரை எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. 80 வயதைக் கடந்த 3,845 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வில், இரத்த அழுத்த மாத்திரை பெற்றவர்களிடையே இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது. முதுமை மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் அன்று. பலருக்கு 130/80க்குக் கீழ் வைத்திருப்பதே இலக்கு. எழுந்து நிற்கும்போது தலைசுற்றும் முதியவர்களுக்கு மருத்துவர் இலக்கைத் தளர்த்துவார். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. மருந்துக் கடைக்குச் செல்ல இயலாத முதியவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகள். நீரிழிவுக்காகக் கண்டறியப்பட்ட இம்மாத்திரைகள், நீரிழிவு இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2021இல் வெளியான ஆய்வில் பம்பிங் பெரிதும் குறையாத இதயச் செயலிழப்புடைய 5,988 பேர் பங்கேற்றனர். எம்பாக்ளிஃப்ளோசின் பெற்றவர்களுள் 13.8 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 17.1 சதவீதத்தினருக்கும் இதயம் சார்ந்த இறப்போ மருத்துவமனை அனுமதியோ நேர்ந்தது. 2022இல் டாபாக்ளிஃப்ளோசின் ஆய்விலும் இதே போன்ற முடிவு கிடைத்தது. மீண்டும் மீண்டும் அனுமதிக்கப்படுவது குறைந்ததே இவற்றில் கிடைத்த பெரும்பயன். ஆயுள் நீள்வதில் காணப்பட்ட பயன் சிறிது. ஆனால் மருத்துவமனையில் கழியும் நாட்கள் குறைவதும் நோயாளிக்கு வாழ்க்கைதானே! இன்று இம்மாத்திரைகள் குறைந்த விலையிலும் கிடைக்கின்றன. பிறப்புறுப்பில் அரிப்பு ஏற்பட்டால் தயங்காமல் தெரிவியுங்கள். வாந்தி, பேதி, முழு நாள் உண்ணாநோன்பு, அறுவை சிகிச்சை ஆகிய வேளைகளில் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற மருந்துகள். உடலில் நீர் தேங்கியிருப்பவர்களுக்கு நீர் பிரியச் செய்யும் மாத்திரையே உடனடி நிவாரணம் தருகிறது. ஸ்பைரனோலாக்டோன் சிலருக்குப் பயன்படுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபினரனோன், இதயச் செயலிழப்பு மோசமாகும் நிகழ்வுகளைக் குறைப்பதாக 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்விரண்டையும் உட்கொள்வோர் இரத்தத்தில் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் உரிய காலத்தில் பரிசோதிக்க வேண்டும்.

உடல் எடை. வயிற்றுப் பகுதியிலும் இதயத்தைச் சுற்றியும் சேரும் கொழுப்பு, விறைத்த இதயத்தின் சுமையை மேலும் கூட்டுகிறது. உடற்பருமனோடு இந்நோய் உடைய 529 பேரிடம் செமாக்ளுடைட் ஊசியைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. ஓராண்டில் எடை 13 சதவீதம் குறைந்ததோடு, மூச்சு வாங்குதல் குறைந்து, நடக்கும் தொலைவும் கூடியது. எல்லோருக்கும் ஊசி தேவை என்பதன்று. எடை குறைந்தால் இதயம் நன்றி சொல்லும் என்பதே இதில் அறிய வேண்டியது.

உடற்பயிற்சி. அமெரிக்காவின் டல்லஸ் நகரில், உடலுழைப்பு இல்லாத 45 முதல் 64 வயது வரையுள்ளவர்கள் வாரத்துக்கு நான்கைந்து நாட்கள் என இரண்டு ஆண்டுகள் முறையாகப் பயிற்சி செய்தனர். அவர்களின் இதய விறைப்பு குறைந்ததை 2018இல் பதிவு செய்தனர். வயது 65ஐக் கடந்த பிறகு தொடங்குவோரிடம் விறைப்பு இவ்வாறு குறையவில்லை. எனினும் அவர்களுக்கும் தசை வலிமையும் நடக்கும் ஆற்றலும் கூடுகின்றன. அன்றாட வாழ்க்கைக்கு அதுவே பெரிது. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் 10 நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடம் வரை சிறிது சிறிதாகக் கூட்டலாம். நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது முதியவர்களின் தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி.

துடிப்பின் ஒழுங்கு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற துடிப்பு வந்தால் மேலறை முறையாகச் சுருங்குவதில்லை. மேலறையின் உதவியை நம்பியிருக்கும் விறைத்த இதயத்துக்கு இது பேரிழப்பு. பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடுகிறது. நாடித் துடிப்பு தாறுமாறாக இருப்பதாகத் தோன்றினால் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால் அது பெரும்பாலும் கொழுப்பு அன்று, நீர். மூச்சு முட்டும்வரை காத்திராமல் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

கீழ்க்காணும் அறிகுறிகளை ‘வயதாகிவிட்டது’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். குனிந்து கோலம் போடும்போதோ செருப்பு மாட்டும்போதோ மூச்சு முட்டுதல், முன்பு ஏறிய படிகளில் இடையில் நிற்க வேண்டியிருத்தல், தலையணையைக் கூட்டிக்கொண்டே போதல், நள்ளிரவில் மூச்சுக்காக எழுந்து உட்காருதல், மாலையில் கணுக்காலில் விரல் பதியும் வீக்கம் ஆகியவை முக்கியமானவை. இந்நோய் முதிய பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. வீட்டு வேலையைக் குறைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் சமாளிக்கும் தாய்மார்களை நாங்கள் தொடர்ந்து காண்கிறோம். ‘அம்மா ஏன் இப்போதெல்லாம் மாடிக்கு வருவதில்லை?’ என்று வீட்டிலுள்ளோர் கேட்க வேண்டும்.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி அளவுக்குள், இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, கடைப் பலகாரம் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு சேர்கிறது. இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புத்தான். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களும் ஸ்பைரனோலாக்டோன் உட்கொள்வோரும் கேட்காமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இளநீருக்கும் இது பொருந்தும்.

சோர்வாக இருக்கிறது என்று சென்று, கேட்டு வாங்கி ‘குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும்’ வழக்கம் நம்மிடையே உண்டு. விறைத்த இதயத்துக்கு இது ஆபத்தானது. நரம்பு வழியே விரைவாக ஏறும் ஒரு பாட்டில் நீரை அவ்விதயத்தால் ஏற்க முடியாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதலில் உங்கள் எக்கோ அறிக்கையைக் காட்டுங்கள். வயிற்றுப்போக்கு போன்ற உண்மையான தேவை இருந்தால் அவர் அளவறிந்து, மெதுவாக ஏற்றுவார்.

மூட்டுவலிக்காகக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன், அசிக்ளோஃபினாக் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கின்றன. நீரிழிவுக் கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் உள்ள பயோகிளிட்டசோனும் நீரைத் தேக்கும். நீரிழிவு மருத்துவரிடம் உங்கள் இதய நிலையைத் தெரிவித்தால் அவர் மாற்று மாத்திரை தருவார். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேட்டறியுங்கள். ஒரு காய்ச்சலே பலரை மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறது.

வாசகர் கேள்விகள்

இது முற்றிலும் குணமாகுமா?
தொடக்க நிலையில் இரத்த அழுத்தத்தையும் எடையையும் கட்டுப்படுத்துவோரிடம் அளவீடுகள் முன்னேறக்கூடும். முற்றிய நிலையில் விறைப்பு முழுவதும் நீங்குவது அரிது. ஆனால் அறிகுறியின்றி வாழ்வது பலருக்கு இயலும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுக்க வேண்டுமா?
அறிகுறி இல்லாத படி 1 உடையவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை. அந்தச் செலவில் வீட்டுக்கு ஓர் இரத்த அழுத்தக் கருவி வாங்குவது மேல். அறிகுறி மாறினால் எக்கோவும், தேவைப்பட்டால் என்டி-புரோபிஎன்பி இரத்தப் பரிசோதனையும் செய்வோம்.

படி 1 என்றால் அடைப்பு இருக்கிறது என்று பொருளா? ஆஞ்சியோகிராம் வேண்டுமா?
அவ்வாறு பொருள் இல்லை. நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம் முதலிய வேறு காரணங்கள் இருந்தால் மட்டுமே அடைப்பைத் தேடும் பரிசோதனைகள் தேவைப்படும்.

கண்புரை, மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?
பெரும்பாலோர் செய்துகொள்ளலாம். மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவித்தால் ஏற்றும் நீரின் அளவையும் துடிப்பின் வேகத்தையும் அதற்கேற்பக் கவனிப்பார்.

வயதானவர்களில் இதயச் சுவர் தடிப்புக்கு வேறு காரணம் இருக்குமா?
இருக்கலாம். இரத்த அழுத்தம் பெரிதாக இல்லாமலே சுவர் தடித்து, இரு கைகளிலும் மணிக்கட்டு நரம்பு அழுந்தி மரத்துப்போன வரலாறும் இருந்தால், அமைலாய்டு என்னும் புரதம் இதயத்தில் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனியான சிகிச்சை உண்டு.

‘இன்னும் எத்தனை ஆண்டுகள்?’

இக்கேள்வியைப் பெரும்பாலும் நோயாளி கேட்பதில்லை. மகனோ மகளோ, நோயாளியை வெளியே அமரவைத்துவிட்டு, தனியே உள்ளே வந்து கேட்கின்றனர். ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்ற வேண்டுகோளும் உடன் வருகிறது. அதன் பின்னுள்ள அன்பை நாங்கள் அறிவோம். ஆயினும், நாள்தோறும் எடை பார்க்க வேண்டியவரும், ஊறுகாயைத் தள்ளிவைக்க வேண்டியவரும், மூச்சு முட்டும்போது உரிய நேரத்தில் சொல்ல வேண்டியவரும் அவரே. எதற்காக என்று அறியாமல் அவரால் இவற்றைச் செய்ய இயலாது. பல வேளைகளில் அவர் ஏற்கெனவே அறிந்திருக்கிறார். பிள்ளைகள் வருந்துவரே என்று அவரும் பேசாமல் இருக்கிறார்.

தனியொருவருக்கு ஆண்டுக் கணக்கு சொல்ல எங்களால் இயலாது. மேலே கண்ட சதவீதங்கள் கூட்டத்துக்கு உரியவை. ஒருவரின் நாட்களை அவை அளந்து கூறுவதில்லை. எனினும், ஓராண்டில் இரண்டு மூன்று முறை அனுமதிக்கப்படுதல், சிறுநீரகம் தளர்ந்துகொண்டே போதல், உண்ண மனமின்றி உடல் மெலிதல், பெரும்பொழுதைப் படுக்கையில் கழித்தல் ஆகியவை சேர்ந்து வரும்போது நோய் முற்றிவிட்டது என்பதை நாங்கள் தெரிவிப்போம். அந்நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவும் செயற்கைச் சுவாசமும் எந்த அளவுக்கு வேண்டும், எங்கே இருக்க விரும்புகிறார் என்பனவற்றை நோயாளி தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே பேசிவிடுவது நல்லது. மூச்சுத்திணறலையும் மன உளைச்சலையும் தணிக்கும் சிகிச்சை இறுதிவரை உண்டு. ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்ற நிலை எங்கள் பிரிவில் யாருக்கும் இல்லை.

அடுத்த முறை வரும்போது

பழைய எக்கோ அறிக்கைகள் அனைத்தையும், இரத்த அழுத்தமும் எடையும் குறித்த நோட்டையும், வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் கொண்டுவாருங்கள். மூட்டுவலிக்கு வாங்கியது, சித்த மருந்து, பக்கத்து வீட்டார் கொடுத்தது என எதையும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் 45 வயதைக் கடந்தவர்கள் உடன் வந்தால் அவர்களுக்கும் இரத்த அழுத்தம் பார்த்து அனுப்புவோம். நோயாளியோடு சேர்ந்து ஆலோசனை அறைக்குள் வாருங்கள். கேள்விகளை அவர் முன்னிலையிலேயே கேளுங்கள்.